ஆனைமங்கலத்துக் கணக்கு

ராஜராஜ சோழனைப் பற்றிப் பேசும் எந்த மேடையிலும் ஆனைமங்கலம் வந்துவிடும். சிவபாதசேகரன் என்று பட்டம் சூடியவன், தஞ்சையில் பெரிய கோயில் எடுத்தவன், நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஒரு முழு ஊரையே எழுதிவைத்தான். மதச் சகிப்புத்தன்மைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று பேச்சாளர் கேட்பார். கூட்டம் கைதட்டும். எங்கள் கோரிமேட்டில் பொங்கலையொட்டி நடந்த ஒரு விழாவிலும் இதைக் கேட்டேன். பேசியவர் நன்றாகப் படித்தவர். அவர் சொன்ன தகவல்களில் பிழையே இல்லை. அந்தத் தகவல்களிலிருந்து அவர் எடுத்த முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இதற்கு எதிர்முகாம் ஒன்றும் இருக்கிறது. சம்பந்தரும் அப்பரும் வந்த நாளோடு தமிழ்நாட்டில் பௌத்தம் முடிந்தது, சோழர் காலத்தில் மிஞ்சியதெல்லாம் இடிபாடுதான் என்பது அவர்கள் கட்சி. இரண்டு தரப்பும் ஒரே இடத்தில் தவறுகின்றன. மன்னனின் மனம் எப்படி இருந்தது, விரிந்ததா குறுகியதா, இதுதான் இருவருக்கும் கேள்வி. புத்தர் கோயிலை யார் கட்டினார்கள், எதற்காகக் கட்டினார்கள், யார் அரிசியைத் தின்று அது நின்றது என்று யாரும் கேட்பதில்லை.

நம்மில் பலருக்கு இந்த விகாரம் கல்கியின் நாவல் வழியாகத்தான் அறிமுகம். காய்ச்சலில் கிடந்த அருள்மொழிவர்மனை அங்கேதான் பிக்குகள் காப்பாற்றுகிறார்கள். அருமையான கட்டம், நானும் பள்ளி வயதில் மூச்சுவிடாமல் படித்தேன். ஆனால் நாவல் நடப்பது சுந்தர சோழனின் கடைசிக் காலத்தில். ஆனைமங்கலக் கொடையைப் பதிந்த செப்பேடு பேசும் சூளாமணி விகாரமோ, அதே அருள்மொழி ராஜராஜனாக முடிசூடி இருபது ஆண்டு கழிந்த பிறகு, சுமார் 1006இல், கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. வாசகர் அதை வரலாறாக எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல்: தன் உயிரைக் காத்த பிக்குகளுக்கு நன்றி சொல்லும் நல்ல பிள்ளையாக ராஜராஜன் நம் மனத்தில் உட்கார்ந்துவிட்டான்.

செப்பேட்டுக்கே போவோம். ஹாலந்து நாட்டுக்குப் போய்ச் சேர்ந்ததால் பெரிய லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்ற அந்த 21 ஏடுகள் சொல்வது இது. விகாரத்தை எடுத்தவன் ராஜராஜன் அல்லன். கடாரத்து அரசன் சூளாமணிவர்மனின் பெயரால் அது எழுந்தது. வடமொழிப் பகுதி அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மனைக் கட்டியவனாகச் சொல்கிறது. சுமத்திராவையும் மலாய்த் தீபகற்பத்தையும் பிடித்துக்கொண்டு, சீனத்துக்குப் போகும் கடல்வழியின் கழுத்தில் கைவைத்திருந்த ஸ்ரீவிஜயப் பேரரசின் மன்னர்கள் இவர்கள். ராஜராஜன் தன் இருபத்தோராம் ஆட்சியாண்டில் சத்திரியசிகாமணி வளநாட்டுப் பட்டினக் கூற்றத்து ஆனைமங்கலத்தின் வருவாயை அந்தப் பௌத்தப் பள்ளிக்கு ஒதுக்கினான். நிலம் 97 வேலிக்குச் சற்று அதிகம். அதிலிருந்து வர வேண்டிய காணிக்கடன் 8,943 கலம் சொச்சம் நெல். ஓலை எழுதியவர், ஒப்பிட்டவர், வரியிலிட்டவர் என்று அதிகாரிகளின் வரிசை நீள்கிறது; அப்புறம் பிடியானையை நடத்தி எல்லை காட்டி, கல்லும் கள்ளியும் நாட்டினார்கள். சாசனம் செப்பேட்டில் ஏறியது ராஜேந்திரன் காலத்தில்.

ஆக, கட்டடச் செலவு வெளிநாட்டு மன்னனுடையது. சோழன் கொடுத்தது வரி வருவாய், அதாவது ஆனைமங்கலத்து உழவர் அளக்கும் நெல். அதுவரை தஞ்சைக்குப் போனது இனி நாகப்பட்டினத்துக்குப் போகும். எல்லை ஊரில் குடியிருப்பவர்களுக்கு இந்த மாதிரி வரி விஷயங்கள் கொஞ்சம் சீக்கிரம் புரியும். கோரிமேட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டி வந்து, இங்கே வரி குறைவு என்பதால் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு போகும் தமிழ்நாட்டு வண்டிகளைத் தினமும் பார்க்கிறோம். புதுச்சேரி அரசுக்குப் பக்கத்து மாநிலத்து ஓட்டுநர்கள் மேல் உள்ள பாசம் என்று இதற்கு யாரும் பெயர் வைத்ததில்லை. வருகிற வண்டியால் இங்கே வியாபாரம் நடக்கிறது. அதற்காக வரியில் விட்டுக்கொடுக்கிறார்கள். நாகப்பட்டினத் துறைமுகத்துக்குக் கடாரத்துக் கப்பல் வர வேண்டியிருந்தது.

கடாரத்து மன்னர் பக்கம் நின்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். இதே சூளாமணிவர்மன் 1003இல் சீனத்துச் சோங் பேரரசருக்குத் தூது அனுப்பினான். தங்கள் ஆயுள் நீளப் பிரார்த்திக்க என் நாட்டில் ஒரு புத்தர் கோயில் கட்டியிருக்கிறேன், அதற்கு ஒரு பெயரும் மணிகளும் அருள வேண்டும் என்பது அவன் விண்ணப்பம். பேரரசர் இரண்டையும் கொடுத்தார். மூன்றே ஆண்டு கழித்து நாகப்பட்டினத்தில் விகாரம். அடுத்த சில ஆண்டுகளில், 1014க்கும் 1019க்கும் இடையில், ஸ்ரீவிஜய மன்னனின் ஆட்கள் நாகப்பட்டினத்துக் காயாரோகணேசுவரர் கோயிலுக்கு நகையும் விளக்கும் கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது; சீனக் கனகம் கொடுத்ததாகக்கூட ஒரு பதிவு உண்டு. 1079இல் சீனத்துக் குவாங்சௌ நகரில் பாழடைந்த தாவோ மதக் கோயில் ஒன்றைப் பணம் கொட்டிப் புதுப்பித்ததும் ஸ்ரீவிஜயத்தார்தான்.

பேரரசருக்குப் புத்தர் கோயில், சோழ நாட்டில் ஒரு கையால் விகாரம் இன்னொரு கையால் சிவனுக்கு நகை, குவாங்சௌவில் தாவோ கோயில். சைவன் ராஜராஜன் புத்தருக்குக் கொடுத்தது சகிப்புத்தன்மை என்றால், பௌத்தன் கடாரத்தரையன் சிவனுக்குக் கொடுத்ததற்கும் அதே பாராட்டைத் தர வேண்டாமா? எந்த மேடையிலும் தந்து நான் கேட்டதில்லை. பாராட்டு நம் அரசனுக்கு மட்டும்தான். ஸ்ரீவிஜயக்காரன் செய்தது வணிக ராஜதந்திரம் என்று உடனே விளங்கிக்கொள்ளும் நமக்கு, அதே பேரத்தின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் மட்டும் எப்படி மகாத்மா ஆனான்?

பேரம் முறிந்தால் என்ன ஆகும் என்பதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. 1025இல் ராஜேந்திரனின் கப்பல்கள் கடலைக் கடந்தன. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், கடாரம் என்று தஞ்சைக் கல்வெட்டு ஊர் ஊராக அடுக்குகிறது. கடாரத்து மன்னன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் பிடிபட்டான். அவன் நகரத்து வித்தியாதரத் தோரணமும் மணிக்கதவுகளும் கொள்ளையாக வந்தன. ஆனைமங்கலச் சாசனத்தைச் செப்பேட்டில் ஏற்றிய அதே கை.

“பார்த்தீர்களா, அவ்வளவு போருக்குப் பிறகும் விகாரத்தை இடிக்கவில்லையே” என்று இந்த இடத்தில் ஒரு குரல் எழும். நியாயமான கேள்வி. பதில் சின்ன லெய்டன் செப்பேட்டில் இருக்கிறது. 1090இல், முதலாம் குலோத்துங்கனின் இருபதாம் ஆண்டில், கடாரத்து அரசனின் தூதர்கள் இருவர் வந்து கேட்டதன் பேரில், விகாரத்தின் பள்ளிச்சந்த நிலங்களுக்குப் பலவகை வரிகள் நீக்கப்பட்டு உரிமை புதுப்பிக்கப்பட்டது. அப்போது பள்ளிகளுக்கு என்ன பெயர்? ராஜராஜப் பெரும்பள்ளி, ராஜேந்திர சோழப் பெரும்பள்ளி. அந்நிய மன்னன் தன் தந்தையின் பெயரில் எடுத்த இடத்தில் சோழனின் முத்திரை குத்தியாகிவிட்டது. தோற்றவன் வீட்டுக் கதவைப் பிடுங்கி வந்தவர்கள், நாகப்பட்டினத்தில் தங்கள் பெயரைத் தாங்கி, கடாரத்துக் கப்பல்களை இழுத்துக்கொண்டிருந்த கட்டடத்தை ஏன் இடிக்க வேண்டும்? இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1088இல், சுமத்திராவின் லோபு துவாவில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் வணிகக் குழு தமிழில் கல்வெட்டு வைத்திருக்கிறது. கற்பூர வியாபாரம் மும்முரமாக நடந்த துறைமுகம் அது. குலோத்துங்கனின் உத்தரவுக்கும் இந்தக் கல்லுக்கும் நடுவே ஒரு கடல் இருக்கலாம், ஆனால் இரண்டும் ஒரே உலகம்.

அதே சின்னச் செப்பேட்டில் கண்ணை உறுத்தும் ஒரு விவரமும் உண்டு. முன்பு காணி, அதாவது பரம்பரை நில உரிமை, வைத்திருந்தவர்களை விலக்கி, பள்ளிச் சங்கத்தாருக்கே அந்த நிலங்கள் காணியாகும்படி ஆணை. சகிப்புத்தன்மையின் புகழ் அரசனுக்குப் போயிற்று, காணி சங்கத்துக்குப் போயிற்று. விலக்கப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்று மேடையில் ஒருவரும் கேட்பதில்லை.

இனி ஈழம். நாகப்பட்டினத்துக்கு நெல் ஒதுக்குவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், 993 வாக்கில், ராஜராஜனின் படை அனுராதபுரத்தைச் சூறையாடியது. ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகப் பௌத்த உலகின் தலைநகரங்களில் ஒன்றாக இருந்த ஊர். 1017இல் ராஜேந்திரனின் படை ஈழத்து அரசன் ஐந்தாம் மகிந்தனையே பிடித்துக்கொண்டு வந்தது. தாதுகோபங்களை உடைத்துப் பொற்சிலைகளை வாரிக்கொண்டு போனார்கள் என்று இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் புலம்புகிறது. அந்த நூலுக்குச் சோழர் மேல் தீராத கோபம். வார்த்தைகளைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ளலாம். குறைத்தாலும் செய்தி நிற்கும். ஆனால் திருகோணமலைக்குப் பக்கத்தில் வெல்கம் விகாரை என்ற பழைய பௌத்தப் பள்ளி இதே சோழர் ஆட்சியில் செழித்தது. அதற்கும் ராஜராஜப் பெரும்பள்ளி என்றுதான் பெயர். தமிழ்ப் பௌத்தர்கள் விளக்குக்கும் பசுவுக்கும் கொடை எழுதிய தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே இன்றும் நிற்கின்றன. அனுராதபுரம் எதிரி அரசனின் இருக்கை, அவன் பொக்கிஷம் கிடந்த இடம். திருகோணமலை சோழரின் துறைமுகம், அங்கே தமிழ் வணிகரும் வீரரும் குடியிருந்தார்கள். ஒரே அரசன், ஒரே புத்தர். இடத்துக்கு இடம் நடத்தை மாறியதற்குச் சகிப்பும் வெறியும் விளக்கம் தராது. எந்தப் பள்ளி யார் கையில் இருந்தது என்பதுதான் தரும்.

தஞ்சைப் பெரிய கோயிலிலேயே புத்தர் சிற்பம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. திரிபுரம் எரித்த கதையோடு சேர்ந்து இருக்கிறது. அசுரர்களைச் சிவநெறியிலிருந்து பிறழச் செய்து அழிவுக்கு ஆளாக்கப் புத்த வேடம் வந்தது என்று புராணம் சொல்லும் கதை அது. மரியாதை காட்டும் படம் என்று அதைக் காட்டிக் கைதட்டு வாங்குபவர்கள் பக்கத்துக் காட்சியையும் ஒரு முறை பார்ப்பது நல்லது.

இந்த ஆட்டம் சோழர் கண்டுபிடித்ததல்ல, அவர்களோடு முடிந்ததும் அல்ல. இதன் முழு வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் இருநூறு ஆண்டு தள்ளி மங்கோலியருக்குப் போக வேண்டும். நம் ஊரில் மங்கோலியர் என்றால் குதிரையும் கொள்ளையும்தான். செங்கிஸ்கானின் பேரன் குப்ளாய்கானோ ஆசியாவின் மிகப் பெரிய பௌத்தக் கலைப் புரவலர்களில் ஒருவன். திபெத்தின் சாக்கிய மடத்து இளம் துறவி பாக்பாவிடம் 1253இல் தீட்சை பெற்றான். 1260இல் அவரை அரசகுரு ஆக்கினான், 1270இல் பேரரசகுரு. 1269இல் பேரரசு முழுவதற்கும் ஒரே எழுத்தை அவரைக் கொண்டே உருவாக்கினான். குரு தந்தது தர்மச் சக்கரவர்த்தி என்ற தகுதி. சீனனுக்கு அந்நியன், மங்கோலியருக்குள்ளேயே தம்பியோடு போரிட்டு அரியணை ஏறியவன். அவனுக்கு அந்தத் தகுதி எவ்வளவு தேவைப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. மாற்றாகத் திபெத்தின் மேல் சாக்கிய மடத்துக்கு அதிகாரம் கிடைத்தது.

இந்தக் கூட்டணிக்கு உருவம் கொடுத்தவன் அனிகோ என்ற நேபாளத்து நேவார் சிற்பி. 1260இல், பதினைந்து பதினாறு வயதில், கைவினைஞர் குழு ஒன்றுக்குத் தலைவனாகத் திபெத்துக்குப் பொன் தூபி கட்டப் போனான். பாக்பா அவனைக் குப்ளாயிடம் அழைத்துச் சென்றார். 1273இல் பேரரசின் கைவினைஞர் அனைவருக்கும் மேலதிகாரி. பெய்ஜிங்கில் இன்றும் நிற்கும் வெள்ளைத் தூபி அவன் வேலை. 1271இல் தொடங்கி 1279இல் முடிந்தது. தூபி எழுந்த அந்த எட்டு ஆண்டுகளில்தான் தெற்குச் சோங் பேரரசு விழுந்தது. அந்தப் போருக்காகவே அனிகோ ஒரு மகாகாளர் உருவம் செய்தான் என்றும், அது தெற்கே சோங் நாட்டைப் பார்த்து வைக்கப்பட்டது என்றும் திபெத்திய நூல்கள் சொல்கின்றன. கபாலமும் கத்தியும் ஏந்திய கறுத்த காவல் தெய்வம், எதிரியின் திசை நோக்கி. வென்ற பிறகு ஹாங்சௌ பக்கத்துப் பாறைகளில் திபெத்திய பாணிப் புத்த உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டன. செதுக்க வைத்த துறவியதிகாரிதான் சோங் அரசர்களின் கல்லறைகளைத் தோண்டி, அவர்களின் பழைய அரண்மனை நிலத்தில் தூபி எழுப்பியவர். 1635இல் மஞ்சூ அரசன் ஹோங் தாய்ஜி கைக்கு மங்கோலிய அரசமரபின் மகாகாளர் சிலை வந்து சேர்ந்தபோது, பேரரசே கைமாறியது போல அதைக் கொண்டாடி முக்தென் நகரில் கோயில் எடுத்தான். சிலை யாரிடம், ஆட்சி அவரிடம்.

இதில் நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு கல் இருக்கிறது. சீனத்து சுவான்சௌ துறைமுகத்தில், சக ஆண்டு 1203, அதாவது 1281இல், சித்திரை மாதத்தில் சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர் ஒரு சிவாலயம் நிறுவினார். திருக்கதலீசுவரம் உடைய நாயனார். தமிழ் எழுத்தில் கல்வெட்டு. செகசைகான் கொடுத்த பர்மான்படி, செகசைகானின் திருமேனி நன்றாக இருக்க எழுந்தருளப் பண்ணியது என்கிறது அது. செகசைகான் என்பது குப்ளாய். புத்த தர்மத்தின் சக்கரவர்த்தியாக முடிசூட்டப்பட்டவனின் உடல்நலத்துக்காக, அவன் அனுமதிச் சீட்டோடு, அவன் துறைமுகத்தில் ஒரு தமிழன் எடுத்த சிவன் கோயில்.

நாகப்பட்டினத்தைத் தலைகீழாகத் திருப்பினால் சுவான்சௌ. அங்கே சைவ அரசனின் துறைமுகத்தில் வெளிநாட்டான் கட்டிய புத்தர் கோயில். இங்கே பௌத்த அரசனின் துறைமுகத்தில் வெளிநாட்டான் கட்டிய சிவன் கோயில். கடாரத்தரையன் சீனப் பேரரசரின் ஆயுளுக்காகச் செய்ததைத்தான் சம்பந்தப் பெருமாளும் செய்தார். இதையும் சகிப்புத்தன்மை என்போமா? அப்படியானால் அதே 1281இன் பிற்பகுதியில் குப்ளாய் என்ன செய்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: தாவோ தே ஜிங் ஒன்றைத் தவிர மற்ற தாவோ மத நூல்களை எரிக்க ஆணையிட்டான். பௌத்தருக்கும் தாவோயருக்கும் நெடுநாளாக நடந்த வழக்கில் பாக்பாவின் கட்சி வென்றிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வாக்கில் முஸ்லிம்கள் தங்கள் முறைப்படி ஆடு அறுப்பதற்குத் தடை போட்டிருந்தான். தமிழ் வணிகர் அரசவைச் சண்டையில் யாருக்கும் போட்டியில்லை. சரக்கும் சுங்கமும் கொண்டுவருபவர்கள். அவர்கள் சிவனுக்கு இடம் கிடைத்தது.

இன்னும் மூன்றே ஆண்டுகள் கழித்து இரண்டு காட்சிகள் ஒன்றையொன்று உரசிப் போகின்றன. 1284இல் குப்ளாயின் தூதர்கள் புத்தரின் எச்சங்களைக் கேட்டு இலங்கைக்கு வந்ததாகவும், இரண்டு கடைவாய்ப் பற்களும் முடியும் பிச்சைப் பாத்திரமும் வாங்கிப் போனதாகவும் மார்க்கோ போலோ எழுதுகிறார். ஏறத்தாழ அதே சமயம் மாறவர்மன் குலசேகர பாண்டியனின் படைத்தலைவன் ஆரியச்சக்கரவர்த்தி இலங்கையின் யாப்பகூவாவைத் தாக்கி, புத்தரின் தந்ததாதுவை மதுரைக்கு எடுத்து வந்தான். பாண்டியன் சைவன்; பல்லை எடுத்தது வழிபட அல்ல, அது கையில் இருப்பவனே இலங்கைக்கு அரசன் என்பதால். இலங்கை அரசன் மூன்றாம் பராக்கிரமபாகு தானே மதுரைக்கு வந்து கெஞ்சி, பணிந்து, அதைத் திரும்ப வாங்கிப் போனான். பௌத்தக் குப்ளாய்க்கும் சைவக் குலசேகரனுக்கும் புத்தரின் எச்சத்தின் விலை ஒன்றுபோலவே தெரிந்திருந்தது.

“அப்படியானால் எல்லாமே அரசியல்தானா, பக்தியே கிடையாதா” என்று கேட்கலாம். பக்தி உண்டு. அரண்மனையில் தேடுவதால் அது அகப்படுவதில்லை.

1856க்கும் 1934க்கும் இடையில் நாகப்பட்டினத்தில், வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருப் பக்கத்திலும், சுமார் 350 பௌத்த உலோகச் சிலைகள் மண்ணிலிருந்து வெளிவந்தன. பெரும்பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று, 1954இல் டி. என். ராமச்சந்திரன் அவற்றைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். தலை உச்சியில் ஞானச்சுடர், பக்கத்தில் கவரி வீசும் நாகர்கள், நின்ற திருமேனிகள், விரல் உயரத் தூபிகள். காலம் சோழருக்கு முன்பு தொடங்கி பதினாறாம் நூற்றாண்டு வரை நீள்கிறது. சோழர் போய், பாண்டியர் போய், விஜயநகரத்தார் வந்த பிறகும் யாரோ புத்தர் சிலைக்கு மெழுகு பிடித்துக்கொண்டிருந்தார்கள். இது ஒன்றே சம்பந்தரோடு பௌத்தம் முடிந்தது என்பவர்களுக்குப் போதும். சகிப்பு வாதிகளுக்கும் இது சங்கடம்தான்: அரசக் கொடையை மட்டும் நம்பி நின்ற ஒன்று, அரசவம்சம் அழிந்து முந்நூறு ஆண்டுக்குப் பிறகு எப்படி உயிரோடு இருந்தது?

அந்தச் சிலைகளில் ஒன்று இப்போது நியூயார்க்கில் ஏசியா சொசைட்டியின் தொகுப்பில் இருக்கிறது. முழங்கால் உயரத்துக்கும் சற்று மேல். பீடத்தில் தமிழ் எழுத்து. ராஜேந்திர சோழப் பெரும்பள்ளியில் அக்கசாலைப் பெரும்பள்ளி ஆழ்வார் கோயிலுக்குத் திருவுற்சவத்தில் எழுந்தருள இதைச் செய்வித்தவர் சிறுதவூர்க்காரர் ஒருவர். பதினெண் விஷயத்து, அதாவது பதினெட்டு நாட்டு, அக்கசாலைகளோடும் அது சம்பந்தம் காட்டுகிறது. அரசன் பெயர் தாங்கிய பள்ளிக்குள் பொன்வேலைக்காரர்களுக்கென்று ஒரு பள்ளி. அங்கே புத்தருக்கு ஆழ்வார் என்று பெயர். அவர் திருவிழாவில் வீதி உலா வந்தார். இந்த மனிதர்களை யாரும் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அவர்கள் வெளியிலிருந்து வந்து தயவில் தங்கியவர்கள் அல்லர், ஊர்க்காரர்கள். சகிப்புத்தன்மைக் கதை இவர்களைத்தான் முதலில் காணாமல் ஆக்குகிறது. பௌத்தத்தை அந்நியக் கப்பல்காரனின் மதமாக்கி, அரசன் கையில் ஒரு பாராட்டுப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு, நாகப்பட்டினத்து அக்கசாலையை மறந்துவிடுகிறது. 1476ஆம் ஆண்டுக் கல்யாணிக் கல்வெட்டு, கப்பல் உடைந்து கரையேறிய பர்மிய பிக்குகள் நாகப்பட்டினம் வந்து, சீனத்து மகாராஜா செய்வித்த குகையிலிருந்த புத்தரை வணங்கியதைச் சொல்கிறது. வழிகாட்ட அப்போதும் ஊரில் ஆள் இருந்திருக்கிறார்கள்.

கடைசியில் புதுச்சேரியும் இந்தக் கதைக்குள் வருகிறது, பெருமைப்படும்படி அல்ல. எங்கள் ஊருக்குத் தெற்கே அரிக்கமேட்டுப் பக்கத்துப் புத்தரை, வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்து 1769இல் மேகம் மூடி ஏமாந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீய் குறித்து வைத்தார் என்பதை இங்கே படித்தவர்கள் அடிக்கடி சொல்வார்கள். அதே புதுச்சேரியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏசு சபைப் பாதிரிமார் நாகப்பட்டினத்தில் என்ன கேட்டார்கள் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. ஆங்கிலேய அதிகாரி வால்ட்டர் எலியட் எழுதி வைத்திருக்கிறார். 1846இல் அவர் பார்த்தபோது ஊருக்கு வடக்கே சீனக் கோபுரம் என்று மக்கள் அழைத்த செங்கல் கோபுரம் மூன்று நிலையோடு நின்றது. நாற்சதுரம், காரை இல்லாமல் நெருக்கி அடுக்கிய கல். 1859இல் பாதிரிமார் அதை இடித்துக் கல்லை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார்கள். முதலில் மறுப்பு, காகிதங்கள் எட்டு ஆண்டு அலைந்தன. 1867 ஆகஸ்டில் சென்னை அரசு உத்தரவிட்டது: தங்கள் சொந்தச் செலவில் பழைய கோபுரத்தை அகற்றி, பொருளைப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். அந்த வளாகத்தில் ஒரு கிழ இலுப்பை மரத்தடியில் முன்பே கிடைத்திருந்த புத்தர் சிலைகளில் ஒன்று ஆளுநர் நேப்பியருக்கு அன்பளிப்பாகப் போனது.

அந்த உத்தரவில் மதவெறி தேடினால் கிடைக்காது. குடிமக்களின் மதத்தில் தலையிட மாட்டோம் என்று 1858இல் விக்டோரியா அரசியின் பெயரால் ஊர் ஊராக அறிக்கை படித்த அரசு அது. ஏட்டில் அதைவிடச் சகிப்புள்ள ஆட்சி இந்த மண்ணில் அதற்கு முன் இருந்ததில்லை. அனுராதபுரத்தைக் கொள்ளையடித்த ராஜராஜன் நாகப்பட்டினத்துப் பள்ளிக்கு நெல் அளந்தான். மத நடுநிலையைச் சட்டமாக்கிய சென்னை அரசு அதே ஊர்க் கோபுரத்தைச் செங்கல் கணக்கில் கொடுத்தது. 1006இல் அந்தத் துறைமுகத்துக்குச் சீனத்திலிருந்தும் கடாரத்திலிருந்தும் கப்பல் வந்துகொண்டிருந்தது. 1867இல் கப்பலை வரவழைக்க அரசுக்கு ஒரு பௌத்தப் பள்ளி தேவைப்படவில்லை.